ஆறாம் சேனலில் இரண்டு வீடு

2006 ஜூன் 17, சனிக்கிழமை, மாலை மணி நாலு நாற்பது. மேகம் இல்லை. மேல்காற்று நாலு நாளாக ஓயாமல் அடித்து, வெற்றிலைக் கொடிக்கால்களின் அகத்தி மரங்களைக் கிழக்கே சாய்த்து வைத்திருந்தது. சோழவந்தானில் என் வீட்டு மொட்டைமாடியில் நான் குடை பிடித்தபடி நின்றேன். குடை எனக்காக அல்ல. எங்களுக்கு இன்டர்நெட் கொடுத்தவருடைய மடிக்கணினித் திரையில் வெயில் விழாமல் இருப்பதற்காக. முப்பத்திரண்டு வருடம் பொதுப்பணித் துறையில் மழையளவும் மதகில் ஓடும் நீரளவும் எழுதி ஓய்வு பெற்றவனுக்கு அந்த வயதில் வாய்த்த உத்தியோகம் அது.

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கணினியை எப்போதும்போல் ஜவுளிக்கடை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார். அதற்கு ஒரு பக்கக் கீல் உடைந்து, திரை கழுத்துப் பிடித்துக்கொண்டவரைப் போலச் சாய்ந்தே நிற்கும். அவருக்குப் பின்னால் இருபதடி இரும்புக் குழாய். அதன் உச்சியில் கம்பிவலையால் செய்த முறம்போல ஓர் ஆன்டெனா, மதுரையைப் பார்த்தபடி. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு நாலுமாடிக் கட்டடத்தின் மேல் அவர் நிறுத்தியிருந்த டவரிலிருந்து இந்த முறத்துக்கு இன்டர்நெட் காற்றிலேயே வந்து சேரவேண்டும். கீழே என் மகள் வளர்மதியின் பிரௌசிங் சென்டரில் ஏழு கணினிகள் அதை நம்பித்தான் இருந்தன. பகலெல்லாம் வரும். ஆட்கள் வருகிற மாலை நேரத்தில் போய்விடும்.

வந்ததும் அவர் ஒரு சோதனை வைப்பார். இங்கிருந்து டவருக்கு நூறு முறை குரல் கொடுத்து, எத்தனைக்குப் பதில் வருகிறது என்று கணினி எண்ணும். அன்றைக்கு நாற்பத்தொன்று வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுச் செல்போனை எடுத்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, டவரடியில் இருந்த தன் தம்பியிடம் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசினார். இரண்டு நிமிடம் இருக்கும். போனை வைத்துவிட்டு மறுபடி சோதனை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.

“வந்துருச்சுண்ணே,” என்று வளர்மதி கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

“வந்துருச்சுல்ல,” என்றார் அவர், தானும் அதை எதிர்பார்க்கவில்லை என்பதுபோல.

எனக்குச் சௌராஷ்டிரம் தெரியாது. ஆனால் அந்தப் பேச்சில் தேனூர் என்ற ஊர்ப்பெயர் மூன்று முறை வந்தது. தேனூர் எங்களுக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் மாடிக் கோளாறைச் சரிசெய்ய அந்த ஊரை எதற்கு இழுக்கவேண்டும்? மதகில் நின்றவனுக்கு ஒன்று தெரியும். மழையே இல்லாமல் ஒரு வாய்க்காலில் தண்ணீர் திடீரென்று ஏறினால், பக்கத்து வாய்க்காலின் பலகையை யாரோ இறக்கியிருக்கிறார்கள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதுமில்லை. சிக்னல்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். கம்பத்தில் ஏறுமுன் செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைப்பார். பட்டுநூலுக்குச் சாயம் போட்ட குடும்பம். இவர் எலக்ட்ரானிக்ஸ் படித்து, அந்தத் தொழிலை விட்டு இதற்கு வந்தவர். படித்த படிப்பில் குறையில்லை. கருவிகளில் பெரிய குறையில்லை. அவருக்கு இருந்த கோளாறு ஒன்றுதான்: எதிரில் நிற்கிற ஆளிடம் இல்லை என்று சொல்ல வராது. “பாத்துக்கிடலாம்” என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே மதுரையிலும் சுற்றுப்பட்டியிலும் கம்பம் நட்டுக்கொண்டு போனார்.

கீழக்குயில்குடிப் பக்கம் யாருக்கோ ஆன்டெனா திருப்பப் போனவர், டீ குடித்த கடையில் கடைக்காரர் கேட்டார் என்று அவர் வீட்டுக்கும் ஒரு இணைப்புக் கொடுத்துவிட்டு வந்தார். பணம்? மெதுவாகத் தரட்டும். கல்யாண மண்டபத்துக்கு ஒன்று. வக்கீலுக்கு ஒன்று. வக்கீலின் மச்சினனுக்கு ஒன்று. இதில் சங்கடம் என்னவென்றால், அவர் விட்ட அலைக்குள் ஒன்றையொன்று இடிக்காமல் போக மூன்று தடங்கள்தான் உண்டாம். ஒன்றாம் சேனல், ஆறாம் சேனல், பதினொன்றாம் சேனல். இதை அவர்தான் எனக்குச் சொன்னார், முதல் தடவை வந்தபோதே, பெருமையாக. மூன்று தடத்தில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று கேட்டேன். குடையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்க்கச் சொன்னார்.

எங்களுக்கு இந்தக் கடை விளையாட்டில்லை. வளர்மதியை உசிலம்பட்டியில் கொடுத்திருந்தேன். குடிகாரன். கையும் நீளும். ஒரு நாள் காலையில் அவள் ஒரு பையோடு வந்து இறங்கினாள், திரும்பிப் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இரண்டு தடவை வந்து பேசினார்கள். இரண்டாம் தடவை, அவள் வங்கிக் கடனில் போட்டிருந்த கடையை எட்டிப் பார்த்துவிட்டு, அவர்களில் மூத்தவர் தீர்ப்புச் சொன்னார். ஆடி முடியட்டும், கடை காலூன்றி, அவள் கடனை அவளே கட்டினால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் நீங்களே கொண்டுவந்து விட்டுவிடவேண்டும். ஊர்ப்பேச்சுக்கு நான் தலையாட்டினேன். வளர்மதி கடைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டரை வரைதான் அவளுக்கு வியாபாரம். அந்த நேரத்தில் திரையில் மணல்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பையன்கள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “என்னக்கா, இன்னைக்கும் இல்லையா?” என்று எழுந்து போவார்கள்.

அதனால்தான் அவர் அடிக்கடி வந்தார். கூப்பிட்ட மறுநாள் வந்துவிடுவார், அதையும் சொல்லவேண்டும். ஆன்டெனாவின் கழுத்தில் மழைநீர் இறங்கியிருக்கிறதா என்று கறுப்பு டேப்பைப் பிரித்துப் பார்த்துப் புதிதாகச் சுற்றினார். காற்று திருப்பியிருக்கும் என்று இழுவைக் கம்பி கட்டினார். அதற்காக மாடித் தளத்தில் நாலு துளை போட்டு மூன்று ஓடுகளை உடைத்தார். முறத்தை நெட்டுவாக்கிலிருந்து கிடைவாக்குக்குத் திருப்பினார். பக்கத்துத் தோப்பில் ஒரு தென்னை வளர்ந்து குறுக்கே வருகிறது என்றார். ஏறிப் பார்த்தவர், இல்லை, இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று இறங்கிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் அந்தத் தொட்டிப் பக்கத்துப் போன் பேச்சு உண்டு. பேசியதும் சரியாகிவிடும். இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள் ஓடும். பிறகு பழையபடி.

எதிர்ச்சாரியில் வெற்றிலை மண்டி. மண்டிக்காரருடைய பையன் துபாயிலிருந்து ஒரு கம்பியில்லாப் போன் வாங்கி வந்திருந்தான். அதுவும் இதே அலையில் பேசுவதுதான் என்று அவர் கண்டுபிடித்தார். மண்டிக்காரர் மாலையில்தான் சேலத்து யாவாரிகளோடு பேசுவார். நேரம் ஒத்துப்போயிற்று. எங்களுக்கு உயிர் வந்தது. “போய் அதை நிறுத்தச் சொல்லுங்க,” என்றேன். “பாத்துக்கிடலாம்யா,” என்று தெருவைத் தாண்டிப் போனார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வரும்போது வாயில் வெற்றிலை, கையில் ஒரு கவுளி வெற்றிலை. என்ன ஆச்சு என்று கேட்டேன். பேச்சை இழுத்தார். பிறகு மண்டிக்காரரே என்னிடம் சொல்லித்தான் தெரியும். இவர் போய் வாயைத் திறப்பதற்குள் மண்டிக்காரர் முந்திக்கொண்டிருக்கிறார்: நீங்கதான சிக்னல்காரரு, என் போன் கொல்லைப்பக்கம் போனாப் பேசவே மாட்டேங்குது, அதைக் கொஞ்சம் பாருங்க. இவரும் பார்த்திருக்கிறார். போனின் அடிப்பெட்டியை உயரத்தில் ஆணி அடித்து மாட்டி, அதற்கு ஒரு நீளமான ஆன்டெனாவும் வைத்துக்கொடுத்திருக்கிறார். இப்போது மண்டிக்காரர் கொல்லையில் என்ன, ஆற்றங்கரை வரை போய்ப் பேசினார்.

“நிறுத்தச் சொல்லப் போன மனுசன், கூட்டி வச்சுட்டு வந்துருக்காரு,” என்று என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலைச் சோதனையில் நூற்றுக்கு முப்பத்தாறு.

சமயநல்லூரில் வேறொரு கம்பெனி டவர் வைத்திருக்கிறது, அவர்கள்தான் ஆறாம் சேனலில் விழுந்து கெடுக்கிறார்கள் என்று ஒரு சமயம் கோபமாகச் சண்டைக்குப் போனார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். போன இடத்தில் அவர்களுடைய ஆள் வேலைக்குப் புதுசு, ஆன்டெனாவைத் திருப்பத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தானாம். இவரே ஏறித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். “பாவம்யா, கலியாணம் ஆகி ஒரு மாசந்தான் ஆகுது,” என்றார் என்னிடம். கல்யாணத்துக்கும் ஆன்டெனாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. அலுத்துவிட்டது.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். என் மனைவி இலை போட்டால் மறுக்கமாட்டார். ஆனால் மெல்ல மெல்ல, ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிடுவார். ஏற்கெனவே எங்கோ சாப்பிட்டுவிட்டு வந்தவர் சாப்பிடும் விதம் அது. “அண்ணே, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க,” என்பாள் வளர்மதி. “நல்லாருக்கு தங்கச்சி,” என்று இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக்கொள்வார். அவரை மாடியில் விட்டுவிட்டு நான் கீழே வந்தால், மேலேயிருந்து வளர்மதிக்கு ஜாடை காட்டுவார். கொஞ்சம் பொறு என்பதற்கு ஒரு விதம், இப்போது பார் என்பதற்கு ஒரு விதம், சரியாயிற்று என்பதற்கு நெஞ்சில் உள்ளங்கையை இரண்டு தட்டு. மற்ற மெக்கானிக்குகள் கத்துவார்கள். இவர் கைகள் மட்டும் அழகாகப் பேசும். எங்கே பழகினார் என்று அப்போது யோசிக்கவில்லை.

அவர் எங்கள் கடையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் நினைவிருக்கிறது. சித்திரை மாதம். மேசைக்கடியில் படுத்துக்கொண்டு ஏதோ கம்பியை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு வந்து, வளர்மதியிடம் ஒரு துண்டுச்சீட்டை நீட்டி, கேமரா உள்ள கணினியில் உட்கார்ந்தாள். காது கேளாத, வாய் பேசாத பெண். திரையில் அவள் கணவன். அவனும் அப்படியே. இருவரும் கையால் பேசிக்கொண்டார்கள். அதற்கு முந்தின வாரமும் அவள் வந்திருந்தாள் என்று வளர்மதி சொன்னாள். கடையிலிருந்த பையன்கள் தங்கள் திரைகளை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் கூடினார்கள். இரண்டு பேர் அவள் கையைப் போலவே கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார்கள். வளர்மதி அதட்டினாள்; நகர்ந்து, மறுபடி வந்தார்கள். அவளுக்குச் சத்தம் கேட்காதே தவிர, திரையில் தன் முகத்துக்குப் பின்னால் நிற்கிற முகங்கள் தெரியும். கை மெல்ல மெல்லச் சின்னதாகி, மடிக்குள் போய்விட்டது.

சிக்னல்காரர் மேசைக்கடியிலிருந்து எழுந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால், பையன்களுக்கு முதுகு காட்டாமல், அவளுக்கு முதுகு காட்டி, திரைச்சீலை மாதிரி நின்றுகொண்டார். அவள் எழுந்து போகும்வரை நின்றார். பிறகு அவரும் அவள் பின்னால் வெளியே போனார். அவள் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. நாங்களும் மறந்துபோனோம்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தேனூர் என்ற பெயர் காதில் விழுந்த பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. அவர் பையை மடக்கிக்கொண்டு கிளம்பினார். அவரிடம் எப்படிக் கேட்டால் நடக்கும் என்று எனக்குத் தெரியும். “சமயநல்லூர்ல ஒரு ஆளைப் பாக்கணும். என்னைய வண்டியில கூட்டிட்டுப் போங்க,” என்றேன். அவர் முகம் ஒரு கணம் தவித்தது. வேறு வேலை இருக்கிறது, வேறு வழியில் போகிறேன் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். “ஏறுங்கய்யா,” என்றார்.

தேனூர் விலக்கு வந்ததும் வண்டி தானாக வேகம் குறைந்தது. “ஒரு நிமிசம்யா. ஒரு வீட்டுல தலையைக் காட்டிட்டுப் போயிரலாம்.” இரண்டு தெரு தாண்டி ஒரு கல்நார்க்கூரை வீடு. அதன் மேல் எங்கள் வீட்டில் இருப்பது போன்ற முறம், கொஞ்சம் சிறியது, மதுரையைப் பார்த்தபடி.

வாசலில் ஒரு வயதான அம்மா அவருக்காகவே காத்திருந்தது போல எழுந்தாள். “வாங்கய்யா. இந்தா ஒரு மணி நேரமா இப்படித்தான் கெடக்கு. அவன் கை பாதியில நிக்குது,” என்றாள்.

உள்ளே போனோம். கடைக்கு வந்த அதே பெண், திரைக்கு முன்னால். மடியில் குழந்தை. திரையில் அவள் கணவன். சூரத்தில் வைரம் தீட்டுகிற பட்டறையில் வேலை, வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவான், வேலை முடிந்து மற்ற நாளில் ஆறு மணிக்கும் சனிக்கிழமை நாலரைக்கும் அங்கே ஒரு பிரௌசிங் கடையில் வந்து உட்காருவான் என்று மாமியார் சொன்னாள். அவனுடைய வலது கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அப்படியே நின்றிருந்தது. விரல்கள் சதுரம் சதுரமாக உடைந்திருந்தன. போனில் பேசமுடியாத ஆள் என்ன சொல்ல வந்தான் என்பது அந்தப் பாதிக் கையில் இருந்தது, மீதி வரவில்லை. எங்கள் மாடியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வந்தது எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் திரும்பி அவரைப் பார்த்து, கையால் என்னவோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். கொஞ்சம் பொறு. எனக்குத் தெரிந்த ஜாடைதான். பிறகு நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அவரைக் கேட்டேன். அப்போது அவர் மறைக்கவில்லை. கடையிலிருந்து அந்தப் பெண்ணின் பின்னால் போன அன்றே இந்த வீட்டுக்கும் இணைப்புக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாராம். மற்ற இரண்டு தடத்திலும் இடமில்லை என்பதால் இரண்டு வீட்டுக்கும் ஆறாம் சேனல்தான். ஒரே டவர், ஏறக்குறைய ஒரே திசை. எங்கள் வீட்டுக்குப் போகும்போது தம்பியிடம் சொல்லித் தேனூரின் பலத்தைக் குறைப்பார். இரண்டு நாளில் இந்த அம்மா யார் போனிலிருந்தாவது பேசுவாள். இங்கே வந்து இதைக் கூட்டுவார். எங்களுடையது படுத்துவிடும். நாங்கள் கூப்பிடுவோம். தண்ணீர்ப் பஞ்சத்தில் வாய்க்காலுக்கு முறை வைப்பது நானும் செய்த வேலைதான். ஆனால் முறை வைத்தால் இரண்டு ஊருக்கும் சொல்லிவிட்டுத்தான் வைப்போம். இவர் இரண்டு பேருக்கும் சொல்லாமல் இரண்டு மாதமாக முறை வைத்திருக்கிறார். மண்டிக்காரர் போனும் தென்னையும் காற்றும் சமயநல்லூரும் பொய்யில்லை. அவையும் கொஞ்சம் கொஞ்சம் கெடுத்தனதான். பெரிய இரைச்சல் இவருடையதே. அது தெரிந்துகொண்டேதான் மற்றதையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார், வேறு ஏதாவது அகப்பட்டால் தேவலை என்று.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீங்க விட்டுக் குடுத்துருவீங்க. இல்லன்னா அந்தப் புள்ள விட்டுக் குடுத்துரும். ரெண்டும் நான் புடுங்குன மாதிரிதான்யா.”

“எனக்கு விட்டுக் கொடுக்க ஒண்ணுமில்ல. என் மகளுக்கு ஆடி வரைக்குந்தான் கெடு. உங்களுக்குத் தெரியும். ஒண்ணை அணைச்சே ஆகணும். எதுன்னு சொல்லுங்க.”

அவர் மணிக்கட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். “முடியாதுய்யா,” என்றார்.

“எதை முடியாது?”

“எதையும் அணைக்க முடியாது.”

அந்த வார்த்தையை அவர் வாயில் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்குள் குழந்தை எதையோ தள்ளிவிட்ட சத்தம் கேட்டது. அவர் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். என் முன்னாலேயே, எந்தப் பக்கமும் திரும்பாமல் பேசினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். திரையில் அந்தக் கை அசைந்து, நெஞ்சுக்கு இறங்கி, மறுபடி எழுந்தது. மாமியார், “ஆங், வந்துட்டான்,” என்றாள். பெண்ணின் கைகள் இரண்டும் மேலே போயின. முழுசாக, தோள் வரை விரித்து, வேகமாகப் பேசினாள். கடையில் அவள் பேசியது பேச்சே இல்லை என்று தோன்றியது.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் கையிலிருந்த போன் அடித்தது. காதில் வைத்தார். வளர்மதியின் குரல் எனக்கே கேட்டது.

“அண்ணே, போச்சுண்ணே. ஆறு பேர் உக்காந்துருக்காங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

“பாத்துக்கிடலாம் தங்கச்சி,” என்றார்.

சமயநல்லூரில் பார்ப்பதற்கு எனக்கு யாரும் இல்லை. அவர் என்னைத் திரும்பவும் சோழவந்தானிலேயே கொண்டுவந்து விட்டார். வழியில் ஒரு யோசனை இருக்கிறது என்றார். வேறு அலையில், கூட்டமில்லாத அலையில் ஓடுகிற புதுக் கருவி வந்திருக்கிறது. ஒரு ஜோடி போட்டால் இரண்டு வீடும் ஒன்றையொன்று இடிக்காது. ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு விலையைச் சொன்னார். அவருக்கு வரவேண்டிய பாக்கியெல்லாம் மெதுவாகத் தரட்டும் என்று விட்ட பாக்கி. வருவதாக இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வளர்மதியிடமும் அவள் அம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மனதில் வைத்திருந்த வழி வேறு. தேனூர் முறத்தைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்ணைத் தினம் மாலையில் நம் கடைக்கே வரச்சொல்லலாம். காசு வேண்டாம், ஒரு மூலையில் தடுப்புக் கட்டிக்கொடுக்கலாம். எல்லாருக்கும் நல்லதாகத்தான் எனக்குப் பட்டது.

வளர்மதி சாதம் பிசைவதை நிறுத்தினாள். “அந்தப் பொண்ணாப்பா?” என்றாள். பிறகு சொன்னாள்: “அவ இங்க வந்து பட்டுட்டுத்தான் போயிருக்கா. பட்ட எடத்துக்கே திரும்பிப் போகணும்னுதான் எனக்கும் சொல்றாங்க. நான் உசிலம்பட்டிக்குப் போறதா இருந்தாலும் போறேன். அவளை இங்க வரச்சொல்லாதீங்க.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் பார்வையை அளந்து பழகியவன் நான். வங்கி வைப்புப் பத்திரம் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டேன்.

கருவி வரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. ஆடி பிறக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியோடு வருவார் என்று நான் காலையிலிருந்து வாசலிலேயே நின்றேன். பதினொன்றாயிற்று, ஒன்றாயிற்று. மாலை நாலு மணிக்கு மஞ்சள் பையோடு மட்டும் வந்தார். புதுக்கருவி எங்கே என்றேன்.

“தேனூர்ல மாட்டிட்டேன்யா.”

“என் காசுல வாங்குனதை?”

“வார வழியில அந்தப் புள்ள வாசல்ல நின்னுச்சு. பெட்டியைப் பாத்துக் கையைக் காட்டிக் கேட்டுச்சு.” பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தூரம் குறைவான இடத்துக்குத்தான் அது நன்றாக நிற்கும், எதை மாற்றினாலும் கணக்கு ஒன்றுதான், ஆறாம் சேனல் இனி முழுக்க உங்களுக்கே என்று சொன்னார். கணக்கு ஒன்றுதான் என்பது எனக்கும் புரிந்தது. புரிந்தாலும் வயிற்றெரிச்சல் போகவில்லை. பளபளவென்று புதுசு அங்கே; துருப்பிடித்த பழசு இங்கே. குடையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

தொட்டிப் பக்கம் திரும்பாமல், யாருக்கும் போன் பேசாமல், சோதனை வைத்தார். நூற்றுக்கு நூறு. ஏழு மணிக்கு வைத்தோம், தொண்ணூற்றொன்பது. அந்த ஒன்று மண்டிக்காரராக இருக்கும் என்றார்.

ஆடி முடிந்தது. பெரியவர்கள் வந்தார்கள். கடையில் உட்கார இடமில்லாமல் வாசலில் நின்று பேசினார்கள். ஒருவருடைய பேரனுக்கு ஏதோ விண்ணப்பம் போடவேண்டியிருந்தது. வளர்மதி அதைப் போட்டுக்கொடுத்து, அதற்கும் காசு வாங்கிக்கொண்டாள். பிறகு அவர்கள் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து டெலிபோன் கம்பி வழியாகவே வேகமான இன்டர்நெட் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. வளர்மதி அதற்கு மாறினாள். எல்லாரும் மாறினார்கள். சிக்னல்காரர் தன் கம்பெனியை மூடினார். எங்கள் மாடிக் குழாயைக் கழற்றிக்கொண்டு போக ஒரு நாள் வந்தார். தலைமுடி பாதி நரைத்திருந்தது. ஓசூர்ப் பக்கம் டவர் கம்பெனியில் வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னார். என் மனைவி இலை போட்டாள். மறுக்காமல் உட்கார்ந்து, ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டார்.

குழாயைக் கழற்றிய இடத்தில் துளைகள் நாலும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. அந்த மழைக்காலம் முழுக்கக் கடைக்குள் ஒழுகியது. அன்றைக்கு அவர் கிளம்பும்போது, தேனூர் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“அங்க கம்பி இன்னும் போகலய்யா,” என்றார். “டவர்ல எல்லாத்தையும் இறக்கிட்டேன். அது ஒண்ணை மட்டும் விட்டுருக்கேன். தம்பி பாத்துக்கிடுவான்.”

அது ஒன்று என்னுடையது. புதுக்கருவி ஜோடி முப்பத்தோராயிரத்து ஐந்நூறு. குழாய், ஒயர், டேப் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. வைப்பை முன்கூட்டி உடைத்ததில் வட்டி நட்டம் ஆயிரத்து நூற்றுப் பதினைந்து. மொட்டைமாடி ஒழுகலுக்குக் கொத்தனார் கூலியும் பூச்சும் நாலாயிரத்து இருநூறு. ஆக மொத்தம் எனக்கு ஆனது முப்பத்தொன்பதாயிரத்து நூற்று ஐம்பத்தைந்து ரூபாய்.